மூலையில் சிவந்த மஞ்சள்

எங்கள் தெருவில் எனக்குக் கூழ்க்காரி என்று பெயர். சிதம்பரத்தில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், குளத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்பக்கம் மூன்று கல்லைக் கூட்டிப் பெரிய குண்டானை ஏற்றி, பகல் முழுக்க எதையோ கிண்டிக்கொண்டே இருப்பவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? ஓர் ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற வீடு என்று நினைத்து ஒரு பெரியம்மா சொம்போடு வந்து நின்றார். குண்டானை எட்டிப் பார்த்தார். பச்சையும் பழுப்புமாகக் குமிழ் விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா இது?" என்றார்.

"யாருக்கும் இல்லீங்க. பேப்பருக்கு."

சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறும் சொம்போடு திரும்பிப் போய்விட்டார். தெருமுனை தாண்டுவதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை. நானும் அதைத் துடைக்க முயற்சி செய்யவில்லை.

குண்டானில் வெந்தது ஆகாயத்தாமரை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில் தண்ணீர் தெரியாத அளவுக்கு மண்டிக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஊதாப் பூவைப் பார்த்து, ஆகா என்பார்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் கொசுவும் நாற்றமும் தெரியும். அந்தக் குளத்தில் நான் சின்ன வயதில் நீச்சல் பழகினேன். பள்ளிப் படிப்பு முடிப்பதற்குள் அங்கே ஒரு தவளை குதிக்கக்கூட இடமில்லாமல் போய்விட்டது.

சிலர் என் வேலையைப் பார்த்து நெகிழ்ந்துபோவார்கள். யாருக்கும் வேண்டாத செடிக்கு வாழ்வு கொடுக்கிறாய் என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். வாழ்வெல்லாம் ஒன்றும் கொடுக்கவில்லை. வெட்டுகிறேன், வேகவைக்கிறேன், அரைக்கிறேன். குளத்தை விழுங்கியது அது. அதை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், நீயும் அந்தச் செடி மாதிரிதான், எங்கே தூக்கிப் போட்டாலும் முளைப்பாய் என்பார்கள். நான் செடி இல்லை. எனக்குக் கோபம் வரும். செடிக்கு வராது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் பயிற்சி வகுப்புகள் பெருகிவிட்டன. மெழுகுவத்தி, ஊறுகாய், பினாயில், தையல் என்று வாரம் ஒன்று நடக்கும். பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான், கடலூரில் நடந்த ஒரு காகித வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பனியன் துணிக் கழிவில் தாள் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் சான்றிதழோடு வீட்டுக்குப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து, குளத்தைப் பார்த்தேன். துணியில் வருகிற தாள் இந்தச் சனியனில் ஏன் வராது என்று தோன்றியது.

வந்தது. முதலில் அப்பளம் மாதிரி உடைந்தது. துணிக் கூழைக் கொஞ்சம் சேர்த்ததும் பிடித்துக்கொண்டது. தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, வெயிலில் வாடப்போட்டு, சலவைச் சோடா சேர்த்து வேகவைக்க வேண்டும். வெந்ததும் அலச வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி அலசல்தான். சோடாவில் வெந்த நார் சோப்புக் கை மாதிரி வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு போகிறவரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் கூழ் சுத்தமாகும். பிறகு கிரைண்டரில் அரைத்து, தொட்டித் தண்ணீரில் கரைத்து, கொசுவலை அடித்த மரச்சட்டத்தை உள்ளே விட்டு நிதானமாகத் தூக்கினால், தண்ணீர் வடிந்து வலைமேல் மெல்லிய படலம் நிற்கும். அதைப் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்துக் காயவைத்தால் தாள்.

தாளோடு நான் நிற்கவில்லை. ஈரம் காயுமுன் அதன்மேலேயே வேறு நிறக் கூழைக் கரண்டியாலும் விரலாலும் ஊற்றிப் படம் செய்ய ஆரம்பித்தேன். பெயின்ட் கிடையாது, பிரஷ் கிடையாது. ஆகாயத்தாமரை காய்ந்தால் வைக்கோல் நிறம் கொடுக்கும். வாய்க்கால் கரையெல்லாம் மண்டியிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு சாம்பல் கலந்த பழுப்பு. கிள்ளை சாலையோரத்துச் சீமைக் கருவேலம் பட்டையை ஊறவைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு நிறம் கிடைக்கும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, பேருந்து ஜன்னலில் தூங்கி விழும் தலைகள், மழையில் நனைந்த கோழி, பிச்சாவரத்தில் படகுக்குக் காத்திருக்கிற கும்பல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் செய்தேன். ஒரு ஊர் வேண்டாம் என்று சபிக்கிற மூன்று செடியில் அந்த ஊரையே செய்வதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

ஒரு தடவை கடலூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். எடுத்துக்கொண்டு போனேன். இது ஓவியத்தில் சேராது என்றார் ஒருவர். கைவினையிலும் சேராது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மோந்து பார்த்துவிட்டு, "சாணியா?" என்றார். எனக்கு மேசை இல்லை என்றார்கள். நான் படங்களைச் சுருட்டிக்கொண்டு திரும்பவில்லை. வாசற்படிக்கு நேர் எதிரே தரையில் விரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்து, சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

வீட்டில் அம்மாவுக்கு என் வேலையில் பிடித்தது எதுவும் இல்லை. அப்பாவுக்கு அது வெட்கமாகவே இருந்தது. அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். சிதம்பரம்-கடலூர் வழியில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. "வண்டியில ஏர்றவன் எல்லாம், உங்க பொண்ணு கொளத்துல என்னா பண்ணுதுன்னு கேக்கறான். டிக்கெட்டக் கிழிப்பேனா, அவனுக்குப் பதில் சொல்வேனா?" என்பார். திட்டுவார். ஆனால் தடுத்ததில்லை. கொஞ்ச நாளில் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணம் கிரைண்டரில் ஆரம்பித்தது. நார் கல்லைச் சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்துபோனது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மேலவீதிப் பக்கம் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு ரீவைண்டிங் கடைக்குப் போனேன். கடலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற ஒருவர் அங்கே உட்கார்ந்து தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கிரைண்டரைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கொத்து நாரை இழுத்துப் பார்த்தார்.

"என்னா மாவுங்க அரைச்சீங்க?"

"ஆகாயத்தாமரை."

அவர் சிரிக்கவில்லை. "தோசை நல்லா வருதா?" என்று முகத்தை மாற்றாமல் கேட்டார். நான்தான் சிரித்துவிட்டேன். மோட்டாரைச் சரிசெய்து கொடுக்க அவரே வீட்டுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார், காயப்போட்டிருந்த படங்களைப் பார்த்தார். நனைந்த கோழியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கிரைண்டர் அதன் பிறகு அடிக்கடி பழுதானது. எல்லாத் தடவையும் அது தானாகப் பழுதாகவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

பெரியவர்கள் பேசினார்கள். சாதகம் பொருந்தியது, சாதியும் பொருந்தியது, யாருக்கும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு அப்பா இல்லை. பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருந்த தாய்மாமன்தான் படிக்கவைத்தவர், கடை வைத்துக் கொடுத்தவர். நிச்சயத்தின்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தொட்டியும் கிரைண்டரும் என்னோடு கடலூருக்கு வரும், அங்கே பின்கட்டில் இடம் வேண்டும். மாமன் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "பாத்துக்கலாம்" என்றார். அவருடைய அம்மா, வரப்போகும் என் மாமியார், "வீட்டுக்குள்ள நாத்தம் வராம இருந்தா சரி" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த உற்சாகத்தில்தான், கல்யாணப் பத்திரிகையை நானே செய்கிறேன் என்று சொன்னேன். எந்தச் செடியை வீட்டுக்குள் கொண்டுவர யோசிக்கிறார்களோ, அந்தச் செடியில்தான் என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. ஒவ்வொரு தாளிலும் காட்டாமணக்குக் கூழில் ஒரு குத்துவிளக்கு ஊற்றினேன். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒரு விளக்கு நிமிர்ந்து நிற்கும், ஒன்று லேசாகக் காற்றில் சாயும். எழுத்தை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்து வாங்கினோம். எங்கள் பக்கத்துக்கான கட்டு முதலில் முடிந்தது. அப்பாவே அதைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

மாப்பிள்ளை வீட்டுக் கட்டு செய்யும்போது மின்வெட்டு வந்து சேர்ந்தது. அந்த வருடம் தமிழ்நாடே இருட்டில் கிடந்தது. கரண்ட் வருகிற நேரத்தில் கிரைண்டரை ஓட்டுவதா, தண்ணீர் மோட்டாரைப் போடுவதா என்று பார்த்தால், நான் கிரைண்டரைத்தான் ஓட்டினேன். அலசலுக்குத் தண்ணீர் போதவில்லை. கை கொஞ்சம் வழவழத்தது. தாள் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது, முதல் கட்டை விட அழகாகவே இருந்தது. கட்டி கடலூருக்கு அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை வந்தால் முதல் வேலை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குலதெய்வத்துக்கு வைப்பது. கடலூரில் நல்ல நாள் பார்த்து, சுமங்கலிகள் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். அரைத்த மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்து, என் மாமியார் விரலால் தொட்டு முதல் மூலையில் வைத்திருக்கிறார். மஞ்சள் மஞ்சளாக நிற்கவில்லை. அவர் கண்ணெதிரே காவியாகி, பிறகு செங்கல் நிறமாகி, ஈரம் பரவப் பரவச் சிவப்பாகிவிட்டது. அடுத்த மூலையும் அப்படியே. இன்னொரு பத்திரிகையை எடுத்தார்கள், அதுவும் அப்படியே. ஒரு அத்தை, "ஐயோ, ரத்தம்டி" என்று எழுந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடவில்லை.

மறுநாள் காலை மாமனும் மாமியாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. மாமன் கட்டைப் பிரித்து ஒரு பத்திரிகையை அப்பாவின் முன்னால் வைத்தார். நாலு மூலையிலும் காய்ந்த சிவப்பு. நிமிர்ந்து நின்ற விளக்கு ஒன்றுதான் அதில் நன்றாக இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சம்பந்தி, கல்யாணத்த நிறுத்தச் சொல்லி நாங்க வரல" என்று மாமன் ஆரம்பித்தார். "நல்லபடியா நடக்கட்டும். பத்திரிக்கைய மட்டும் பிரஸ்ல சாதா கார்டுல அடிச்சிடுவோம். இந்த பேப்பர் வேலை இருக்கு பாருங்க, அது இங்கியே இருந்துடட்டும். எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு குட்டையில எறங்கி செடி புடுங்கறது நல்லா இல்ல. சாமியே காட்டிக் குடுத்துடுச்சி."

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பைத் தேய்த்தால் சிவக்கும். துணி துவைக்கிற எல்லோரும் பார்த்ததுதான். தாளில் சோடா மிச்சம் இருக்கிறது, மஞ்சள் பட்டதும் சிவந்திருக்கிறது. இதில் சாமி எங்கே வந்தது? வாயால் சொன்னால் எடுபடாது என்று உள்ளே போனேன். மஞ்சள் தூளை ஒரு தட்டில் கரைத்துக்கொண்டு வந்தேன். வந்தவர்களுக்கு வைத்திருந்த தாம்பூலத் தட்டிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து, அவர்கள் எதிரே கலக்கினேன். தட்டு முழுக்கச் சிவந்தது.

"இது என்னாங்க?" என்றேன்.

தட்டை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு, நானே சொன்னேன்.

"ஆலத்தி. பொண்ணு மாப்பிள்ளை வாசல்ல வந்து நின்னதும் நீங்களே இதக் கரைச்சி சுத்துவீங்க. அப்ப யாரும் ரத்தம்னு சொல்ல மாட்டீங்க. சுண்ணாம்பு செய்யற வேலையத்தான் சோடா செஞ்சிருக்கு. நான் சரியா அலசல. வேற ஒண்ணும் இல்ல."

மாமியாரின் முகம் கொஞ்சம் இளகியது. தட்டையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாமன் மண்டியில் உட்கார்ந்து பேரம் பேசிப் பழகியவர். அவ்வளவு சீக்கிரம் விடுவாரா?

"சரிம்மா, ஆலத்திதான்" என்றார். "சுத்திட்டு அந்தத் தண்ணிய என்னா செய்யறோம்? தெருவுல ஊத்திடறோம். கண்ணு பட்டதெல்லாம் அதோட போவட்டும்னு ஊத்தறோம். அதக் கொண்டுபோயி யாரு கையிலயாவது குடுத்து, என் கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிடறோமா?"

இன்றுவரைக்கும் அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாததால் அவர் சொன்னது நியாயம் ஆகிவிடாது. "நல்லா அலசி வேற கட்டு செஞ்சி தர்றேன்" என்றேன். "மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். வேலைய மட்டும் விட மாட்டேன். நிச்சயத்துலயே சொன்னேன்."

"பத்திரிக்கை இல்லம்மா இப்ப பேச்சு" என்றார் மாமன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலை சிவந்திருக்காவிட்டாலும் இந்தப் பேச்சு வந்திருக்கும். கொஞ்சம் தாமதமாக, நான் அந்த வீட்டுக்குள் போன பிறகு வந்திருக்கும். சோடா எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவர் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கூட்டாளியை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கம்பிச் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். அவர் மாமனைப் போல் அதட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒரு ரெண்டு வருஷம் விட்டுடு. அம்மா மனசு ஆறட்டும். மாமாவ எதுத்துப் பேச என்னால முடியாதுன்னு உனக்கே தெரியும். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சிக்கலாம். இந்தக் கடைக்குப் பின்னாடி எடம் இருக்கு. யாருக்கும் தெரியாது."

மெதுவாக என்பதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். என் சித்தி பாட்டுப் பாடுவார், கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகப் பாடிக்கொள்ளலாம் என்றார்கள். கூடப் படித்தவள் ஒருத்தி சி.ஏ. எழுதிக்கொண்டிருந்தாள், மெதுவாக எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். இருவரும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறார்கள்.

"யாருக்கும் தெரியாம செய்யறதுக்கு நான் என்னா கள்ளச்சாராயமா காய்ச்சறேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், கிரைண்டர் பழுதான நாட்களில் சிரித்தது போல. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப விட மாட்ட?" என்றார். "மாட்டேன்" என்றேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த நிமிடமும் பிடித்துத்தான் இருந்தது. எழுந்து வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு மூலையில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க அழுதேன். அழுதது அவருக்காக. செய்ததற்காக இல்லை.

கல்யாணம் நின்றது. அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கண்டக்டருக்கு வாய்தான் தொழில், அந்த மனுஷன் வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் பாதிக்கு மேல் அவர் ஏற்கெனவே வழிநெடுகக் கொடுத்து முடித்திருந்தார். புதுச்சத்திரத்தில், ஆலப்பாக்கத்தில், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, கல்யாணம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. என்ன காரணம் என்று கேட்பார்கள் அல்லவா? சாதகத்தில் கோளாறு என்று சொன்னாராம். சாதகத்தில் கோளாறு என்றால் பெண் மேல் பழி விழும் என்று அம்மா சண்டைக்குப் போனார். அதற்குப் பிறகு, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மாற்றினார். அதற்கும் யாரோ, நேற்றுதான் அவரைக் கடையில் பார்த்தேன் என்று சொல்ல, அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லையாம். உண்மையைச் சொல்லலாமே என்று அம்மா கேட்டதற்கு, "என்னான்னு சொல்றது? செடி வேவிக்கறா, அதுக்காவ நின்னுபோச்சின்னா? காரித் துப்புவான்" என்றார்.

நான் தொட்டியை விடவில்லை. திரும்பி வந்த பத்திரிகைக் கட்டை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். கொளுத்திவிடச் சொன்னார். கொளுத்துவதா? தாளை ஊறவைத்தால் மறுபடி கூழ். அத்தனை பத்திரிகையையும் தண்ணீரில் போட்டேன். அவர் சுற்றிக் கொடுத்த மோட்டார் என் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்து அரைத்தது. இந்தத் தடவை வேண்டுமென்றே கொஞ்சம் சோடாவைப் போட்டு, மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். தொட்டி முழுக்கச் சிவந்தது. அந்தச் சிவப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு தாள் எடுத்தேன். அதில் விளக்கு ஊற்றவில்லை, கோழி ஊற்றவில்லை. வெறும் சிவப்பு. பின் சுவரில் சாய்த்துக் காயவைத்தேன். தெருவில் போகிற யாரும் பார்க்கலாம், பார்க்கட்டும் என்று வாசல் கதவையும் பின்கதவையும் நேர்க்கோட்டில் திறந்தே வைத்தேன்.

முகூர்த்தம் குறித்திருந்த தேதிக்கு முதல் நாள் வந்தது. கல்யாணம் கடலூரில் என்பதால், பெண் வீட்டு வேன் அன்றைக்கு எங்கள் வாசலிலிருந்து கிளம்புவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். வேன் இல்லை, பந்தல் இல்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்பா லீவு போட்டிருந்தார், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் பின்பக்கம் காட்டாமணக்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. கிள்ளையிலிருந்து டிரைவர் மாமாவும் அத்தையும். அப்பாவோடு ஒரே வண்டியில் வருடக்கணக்கில் ஓடியவர் அவர். ரிட்டயர் ஆகி, முட்டிவலியில் ஊரோடு இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, கையில் பெரிய எவர்சில்வர் அண்டா. அத்தை பட்டுப் புடவையில் இருந்தார். கல்யாணம் நின்றதை அவர்களிடம் அப்பா சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வழியில் இருக்கிறவர்களிடமெல்லாம் சாதகம், உடம்பு என்று எதையோ சொல்ல முடிந்தது. இவரிடம் பொய் சொல்ல முடியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னா மச்சான், வேன் போயிடுச்சா? லேட்டாயிட்டமா?" என்றார் டிரைவர் மாமா, அண்டாவை இறக்காமல்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். நான் அரிவாளோடு நடைவழியில் நின்றேன். அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்தார். சாதகம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கல்யாணம் இல்ல மச்சான். நின்னுபோச்சி."

"ஏன், என்னா ஆச்சி?"

அப்பா திரும்பி, திறந்திருந்த பின்கதவு வழியாக அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்தார். அவர் அதை நேராகப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"பொண்ணு பேப்பர் செய்யக்கூடாதுன்னாங்க. செய்வான்னு சொல்லிட்டோம்."

டிரைவர் மாமாவுக்கு இது முழுதாக விளங்கியதா என்று தெரியவில்லை. அத்தை என் கையிலிருந்த அரிவாளையும், பிறகு தன் பட்டுப் புடவையையும் பார்த்துக்கொண்டார். மாமா கடைசியில் அண்டாவைக் காட்டி, "அப்ப இத எடுத்துக்கினு போயிடறேன். கல்யாணத்துக்குன்னு வாங்குனது, வெச்சிட்டுப் போனா நல்லா இருக்காது" என்றார்.

"வெச்சிட்டுப் போ" என்றார் அப்பா. "காட்டாமணக்கு வேவிக்கறதுக்கு அவளுக்குப் பெரிய அண்டாவாத்தான் வேணும்."

அம்மா உள்ளே போய் வந்த இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தார்.